வீனரின் சிவகாசியும் அக்காவின் எட்டாம் வகுப்பும்

மைரன் வீனர் எழுதிய 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை முதன்முதலில் படித்தது பத்து வருஷத்துக்கு முன்னால். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1991-ல் வெளியிட்டது. குழந்தைத் தொழிலும் கட்டாயக் கல்வியும்தான் விஷயம். அப்போது ரொம்பப் பிடித்துப்போய், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன கோடையில் மறுபடி எடுத்தேன். இந்த முறை பாதிப் புத்தகத்தோடு உடன்பாடு, மீதிப் பாதியோடு சண்டை. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வழக்கம்போல ஒரு முன்னெச்சரிக்கை. நான் கல்வியாளன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ராத்திரி நேரத்தில் அறிக்கைகளும் பழைய புத்தகங்களும் படிப்பது பழக்கம். இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. சாத்தூர் பக்கத்து ஆள் நான். வீனர் எழுதும் சிவகாசி எனக்கு அடுத்த ஊர்.

வீனர் சொல்வது என்ன?

இந்தியாவில் குழந்தைகள் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை, ஏன் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் வருகிற முதல் பதில் வறுமை. வீனர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான் என்று பல நாடுகளின் வரலாற்றை எடுத்து வைக்கிறார். அந்த நாடுகள் பணக்கார நாடுகளாகிவிட்டுப் பிறகு கல்வியைக் கட்டாயமாக்கவில்லை. ஏழையாக இருந்தபோதே ஆக்கின. அப்படியானால் இந்தியாவை எது தடுத்தது? அதிகாரிகள், முதலாளிகள், கல்வித் துறையினர், தொண்டு நிறுவனத்தினர் என்று பலரிடம் பேசிவிட்டு அவர் வருகிற முடிவு இது: படித்த நடுத்தர வர்க்கத்தின் மனதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிலர் மூளையால் வேலை செய்யப் பிறந்தவர்கள், சிலர் கையால் வேலை செய்யப் பிறந்தவர்கள். கையால் வேலை செய்பவரின் பிள்ளை சீக்கிரமே அந்த வேலையைப் பழகுவது இயல்பு. இந்த நம்பிக்கை இருக்கும்வரை எந்த அரசும் கட்டாயக் கல்வியை மனதாரக் கொண்டுவராது.

அதனால் அவர் சொல்லும் தீர்வு: கட்டாயம். குறிப்பிட்ட வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அரசு பெற்றோரைக் கட்டாயப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளையைத் தொழிற்சாலையில் தேட வேண்டியதில்லை.

இதில் நடுத்தர வர்க்கத்தைப் பற்றிய பகுதி எனக்கு இப்போதும் சரியாகவே படுகிறது. தீர்வில்தான் தகராறு.

அக்காவின் கணக்கு

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். விடியுமுன் 'ஆபீஸ் பஸ்' வரும். ஊர் மடத்தடியில் தூக்குவாளியோடு நிற்கிற கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். பிள்ளைகளிலும் பெண் பிள்ளைகள். பையன்கள் கொஞ்சம்தான். பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுக்கே வரும். நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பரீட்சை என்றால் அந்த வாரம் விடுப்பு. அக்காவுக்குப் பரீட்சை என்றால் ஒட்டி முடித்துவிட்டுப் படிக்கணும்.

என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரை. அக்கா அங்கே முதல் இரண்டு ராங்க்கில் வருவாள். 1991-ல் எட்டாம் வகுப்பு முடித்தாள். வீனரின் புத்தகம் வந்த அதே வருஷம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போகணும். அக்கா போகவில்லை. ஜூன் மாதம் ஆபீஸ் பஸ்ஸில் ஏறினாள். மூன்று வருஷம் கழித்து நான் அதே ஆறு கிலோமீட்டரைச் சைக்கிளில் போனேன். பழைய சைக்கிள்தான். அது அக்கா போட்ட சீட்டுப் பணத்தில் வாங்கியது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன், "அன்னிக்கு ஏன்க்கா நின்னுட்டே? காசு இல்லைன்னா?"

"காசா? கவர்மென்ட்டு ஸ்கூலுக்கு என்ன பெரிய காசு" என்றாள். "நான் எங்கடா நின்னேன்? பெரிய மனுஷி ஆயிட்டா, கம்மாக்கரை வழியா தனியா அனுப்ப முடியாதுன்னு அய்யா சொல்லிட்டாரு. கூட வர்றதுக்கு வேற பிள்ளைக யாரும் இல்ல. ஆபீஸ் பஸ்ஸுன்னா வீட்டு வாசல்ல ஏறி வாசல்ல எறங்கலாம்."

இதைக் கேட்டதும் எனக்குப் புத்தகம் முழுக்க வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்கள் வேலை செய்யக்கூடாது. அக்காவுக்கு அந்த ஜூனில் 14 நிரம்பியிருந்தது. ஆகவே அவள் குழந்தைத் தொழிலாளி இல்லை. அரசியலமைப்பு 45-ம் பிரிவு அன்று சொன்ன கட்டாயக் கல்வியும் 14 வயது வரைதான். ஆகவே அவள் பள்ளிக்குப் போகாதது சட்டப்படி யாருக்கும் பிரச்சினை இல்லை. வீனர் கேட்ட கட்டாயக் கல்வி 1980-களிலேயே முழுசாக அமலாகியிருந்தால்கூட, அக்காவின் வாழ்க்கையில் ஒரு நாள்கூட மாறியிருக்காது.

பிறகு வந்த சட்டங்களைப் பாருங்கள். சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதுவும் 14 வரைதான். 2002-ல் அரசியலமைப்புத் திருத்தம், 2009-ல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல். 6 முதல் 14 வரை. இத்தனைக்குப் பிறகும் கோடு அதே இடத்தில்தான் நிற்கிறது.

தூரம் என்கிற கணக்கு

பள்ளிக்கூடங்களை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு அரசு வைத்திருக்கும் அளவுகோலைப் பார்த்தேன். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள். நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள். 2009-ல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தின்படி உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள், மேல்நிலைப் பள்ளி 7 முதல் 10 கிலோமீட்டருக்குள்.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் இதில் தப்பே இல்லை. வளர்ந்த பிள்ளை கூடுதல் தூரம் நடக்கும். மேல் வகுப்புகளுக்கு ஆய்வகம் வேண்டும், பாடத்துக்கொரு ஆசிரியர் வேண்டும். ஊருக்கு ஒன்று கட்ட முடியாது.

ஆனால் இந்த அளவுகோலில் இருக்கிற பிள்ளை ஒரு பையன். பையனுக்கு வயது ஏற ஏற வீடு அனுமதிக்கும் தூரம் கூடும். பத்து வயதில் அடுத்த தெரு, பதினாலில் பக்கத்து ஊர், பதினாறில் சினிமாவுக்கு மதுரை வரை. பெண்ணுக்கு இது தலைகீழ். எட்டு வயதில் ஊர் முழுக்கச் சுற்றலாம். பதினாலில் தெருமுனைக் கடைக்குப் போக தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகணும். பள்ளியின் தூரம் கூடிக்கொண்டே போகிறது, அவளுக்கு அனுமதிக்கப்பட்ட தூரம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டையும் கோடாக வரைந்தால் அவை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில். சட்டம் கைகழுவுகிற வயதும் அதே வயதுதான்.

வீனருடைய புத்தகத்தில் எனக்குத் தெரியும் பெரிய குறை இது. அவருடைய தலைப்பில் ஒரு குழந்தை இருக்கிறது, ஒரு அரசு இருக்கிறது. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்பது அவருடைய வாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. 'பெற்றோர்' என்று ஒரே ஆளாகப் பேசுகிறார். எங்கள் வீட்டில் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், அக்காவை அனுப்பச் சொல்லி. அவளும் பெற்றோர்தான். முடிவு எடுக்கும் பெற்றோர் அவள் இல்லை.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குப் பீகார் ஒரு சாட்சி. 2006-ல் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்டது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சைக்கிள், அவ்வளவுதான். அதோடு பத்துப் பெண்கள் ஒன்றாகச் சைக்கிளில் போனால் 'தனியா அனுப்ப முடியாது' என்ற வாக்கியத்துக்கே இடமில்லாமல் போகிறது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பீகாருக்கு முன்னோடி என்பார்கள். சரிதான், 2001-லேயே பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரிந்தது. ஆனால் நாம் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். எட்டாவதோடு நிறுத்தப்படுகிற பெண்ணுக்கு அந்தச் சைக்கிள் இரண்டு வருஷம் தாமதம். இலவச பஸ் பாஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். பஸ் வருகிற ஊருக்கு இருக்கிறது.

கட்டாயப்படுத்தாமல் வந்தவர்கள்

வீனருக்கு எட்டு வருஷம் கழித்து, 1999-ல், 'ப்ரோப்' அறிக்கை வந்தது. பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பிள்ளைகள் படிப்பது முக்கியமா? பையனைப் பொறுத்தவரை 98 சதவீதப் பெற்றோர் ஆமாம் என்றார்கள். பெண்ணைப் பொறுத்தவரை 89 சதவீதம்.

ஏழைப் பெற்றோருக்கு ஆர்வம் இல்லை, அதனால் கட்டாயப்படுத்த வேண்டும் என்ற வாதம் இந்த இரண்டு எண்களிலேயே அடிபட்டுப் போகிறது. வீனரை மறுக்க இந்த அறிக்கையைத்தான் பலரும் காட்டுவார்கள். ஆனால் இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நிற்கணும். ஒன்பது புள்ளி வித்தியாசம் ஒரு பக்கம். 'முக்கியம்' என்று சொன்ன அந்த 89-லும் எத்தனை பேர் தம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் அக்காவைத் தேர்ந்தெடுப்பார்கள்? என் அய்யாவிடம் அன்று யாராவது வந்து கேட்டிருந்தால் அவரும் முக்கியம் என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யாகவும் சொல்லியிருக்க மாட்டார்.

அதே அறிக்கையில் இமாச்சலம் மட்டும் வேறு கதை. மலை மாநிலம், பள்ளிக்கூடம் தூரம், பாதை மோசம். ஆனாலும் பெண்கள் பள்ளியில் இருந்தார்கள். அங்கே பெண்கள் வயலிலும் காட்டிலும் வெளி வேலை செய்வது சகஜம், கிராமங்களில் ஏற்றத்தாழ்வு ஒப்பீட்டளவில் குறைவு. வெளியே நடமாடுகிற அம்மாவுக்கு மகள் வெளியே போவது பெரிய விஷயமில்லை.

தமிழ்நாடும் வீனர் சொன்ன வழியில் போகவில்லை. 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. ஊருக்கு ஊர் பள்ளி, இலவசப் புத்தகம், சீருடை. கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1994-ல் இங்கேயும் வந்தது. ஆனால் பிள்ளையை அனுப்பாததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெற்றோரைப் பற்றி எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. சோறுதான் வேலை செய்தது. இழுத்துக்கொண்டு போக ஆள் தேவைப்படவில்லை. இந்த இடத்தில் வீனர் தோற்றார் என்றே சொல்லலாம்.

எண்ணில் மறைவது

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது, பெண்கள்தான் அதிகம் படிக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. முழுக்கத் தப்பில்லை. சமீப வருஷங்களின் தேசியப் பள்ளிப் புள்ளிவிவரங்களில், உயர்நிலை வகுப்புகளில் இடைநிற்றல் விகிதம் பெண்களைவிடப் பையன்களுக்குச் சற்று அதிகம். அப்படியானால் கதை முடிந்ததா?

இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் குறுக்கிடும். சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருளில், மாதா மாதம் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்று ஒரு விகிதம் பார்ப்போம். அந்த எண் சின்னதாக இருக்கும், மேலாளர் சந்தோஷப்படுவார். ஆனால் ஒரே மாதத்தில் சேர்ந்த நூறு பேரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்தால்தான் உண்மை தெரியும். இடைநிற்றல் விகிதமும் ஆண்டு விகிதம்தான். உதாரணத்துக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருஷம் அப்படியே போனால் நூறில் 81 பேர்தான் மிச்சம். ஐந்து பேரில் ஒருவர் போயாச்சு.

இன்னொன்று. அந்த விகிதத்தில் எல்லா வெளியேற்றமும் ஒரே மாதிரி. பதினாறு வயதுப் பையன் படிப்பை விட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறான். அது மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தில் ஒரு பங்கு அவன் கையில் நிற்கும், தொழில் அவனுடையது. அதே வயதுப் பெண் எங்கே போகிறாள்? ஒன்று வீட்டுக்குள். 2019-ல் தேசிய அளவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆறு வயதிலிருந்தே எண்ணிய கணக்கு இது. இரண்டு, கல்யாணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். இந்தியச் சராசரியான 23.3-ஐவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எட்டில் ஒருத்தி.

மூன்றாவது, மில். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவலாக இருந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக 30,000, 50,000 என்று ஒரு தொகை. 2011-ல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு இதைப் பற்றி அறிக்கை போட்ட பிறகுதான் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் மூன்று வருஷ உழைப்பு எதற்கு என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவள் சம்பாதித்தது அவளுடைய கல்யாணச் செலவுக்கு. அக்கா சம்பாதித்தது என் சைக்கிளுக்கும் அவள் கம்மலுக்கும்.

சாதிப் பக்கம்

'தனியா அனுப்ப முடியாது' என்பதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. என் அக்காவுக்கு அது ஊர்ப் பேச்சைப் பற்றிய பயம். ஊரின் கிழக்கே இருந்த காலனிப் பெண்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. எட்டாம் வகுப்பில் அக்காவோடு படித்த அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி அரைப் பரீட்சைக்குப் பிறகு வரவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதாக அக்காவுக்கு ஞாபகம் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆ' என்று போட்டுக்கொண்டே வந்து, பிறகு பெயரையே அடித்திருப்பார்கள்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவன், கூடப் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். பள்ளியிலிருந்து கூப்பிட்டுக் காரணம் கேட்டார்கள். சொன்னான். ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அந்தப் பள்ளி காரணம் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் புள்ளிவிவரத்தில் இன்னொரு இடைநின்ற பையன். 'பையன்கள்தான் இப்போது அதிகம் நிற்கிறார்கள்' என்கிற அந்த எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.

'இடைநிற்றல்' என்ற சொல்லே எனக்கு உறுத்துவது இதனால்தான். நின்றவர் தானாக நின்ற மாதிரி ஒலிக்கிறது. தமிழில் நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் தனித்தனி வினை இருக்கிறது. அக்கா அந்த வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

வீனர் சரியாகச் சொன்ன பகுதி

இவ்வளவு சண்டைக்குப் பிறகும் இந்தப் புத்தகத்தை ஏன் அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றால், நடுத்தர வர்க்கத்தைப் பற்றி அவர் சொன்னதற்காக.

1953-ல் ராஜாஜியின் கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், அடுத்த வருஷமே காமராஜர் கைவிட்டார். நாம் அதைப் பழைய கதையாகப் பேசுகிறோம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். ஆபத்தான தொழில்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் யாருடைய குடும்பத் தொழில் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீலின் பிள்ளை சாயங்காலம் வழக்கு எழுதப் போவதில்லை. கைத்தொழில் செய்கிற வீட்டுப் பெண் அந்தக் கைத்தொழிலைத்தான் செய்வாள். 1953-க்கு எழுந்த எதிர்ப்பில் கால்வாசிகூட இதற்கு எழவில்லை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. சென்னையில் எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கு ஒரு மகள், ஒரு மகன். போன மே மாதம் மகள் பத்தாம் வகுப்புப் பாஸ் ஆனாள். சுமாரான மார்க். "மேல படிக்கலை சார், எங்கூட ரெண்டு வீட்டுக்கு வரட்டும்" என்றார் அந்த அம்மா. நான் உடனே, ரொம்ப நல்லவன் மாதிரி, "தையல் கிளாஸ் ஏதாவது சேத்துவிடுங்க, கைத்தொழில் இருந்தா நல்லது" என்றேன்.

அன்று ராத்திரி வீனரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கையும் மூளையும் பற்றிய பக்கம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மகளுக்கும் அதே வயது. அவள் கணக்கில் குறைந்த மார்க் எடுத்தபோது நான் டியூஷன் தேடினேன். தையல் கிளாஸ் தேடவில்லை. வீனர் பேட்டி எடுத்த அதிகாரிகள் வரிசையில் என்னையும் உட்கார வைத்திருக்கலாம். கேள்வி கேட்காமலேயே பதில் சொல்லியிருப்பேன். அதுவும் அக்காவின் சைக்கிளில் போய்ப் படித்தவன்.

மறுநாள் கேட்டேன், ஏன் படிக்க வைக்கவில்லை என்று. இந்தத் தடவை தீர்வு சொல்லாமல் கேட்டேன். அந்த அம்மா சொன்னது இது: பக்கத்துப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. பிளஸ் ஒன்னுக்கு இரண்டு பஸ் மாறணும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர ஏழு மணி ஆகும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருகிற சந்தில் டாஸ்மாக் கடை. "பையன்னா பரவால்ல சார்." 1991-ல் கம்மாக்கரை, இப்போது இந்தச் சந்து.

உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் 1989-லிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவி. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்கு மாற்றியது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த 1,000 ரூபாய் கல்லூரி வாசலில் காத்திருக்கிறது. இந்தப் பெண் அங்கே வரை போகணுமே.

அந்த அம்மாவோடு இரண்டு தடவை அந்தப் பள்ளிக்குப் போய்வந்தோம். அதே தெருவிலிருந்து போகிற வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தலைமை ஆசிரியை பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: மூன்று பேர். மூன்று பேர் வீட்டுக்கும் அந்த அம்மாவே போய்ப் பேசினார். ஜூலை முதல் வாரம் நான்காவதாக அவளும் சேர்ந்தாள். நான்கு பேரும் சேர்ந்து வருகிறார்கள், சேர்ந்து போகிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிற நாளில் யாராவது ஒரு அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். பன்னிரண்டு வரை போவாளா தெரியாது. அரையாண்டுத் தேர்வு வரை வந்திருக்கிறாள்.

இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். நான்கு அம்மாக்கள் முறை வைத்துப் பஸ் ஸ்டாப்பில் நிற்பது ஒரு அரசு செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாக நடக்கிறது. கட்டாயக் கல்வியைப் பதினெட்டு வரை நீட்டினால் போதும் என்று வீனரின் வாசகர்கள் சொல்லலாம். நீட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மேல்நிலைப் பள்ளியின் 7 கிலோமீட்டரைக் குறைக்கட்டும், சைக்கிளை ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுக்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சந்தில் விளக்கு எரியட்டும்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அத்தை, அக்கா யாராவது எந்த வகுப்போடு நிறுத்தப்பட்டார்கள், அப்போது அடுத்த பள்ளி எவ்வளவு தூரம், முடிவு எடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் அக்கா வயதுப் பெண்கள் பதினாறு பேரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். பணத்தை முதல் காரணமாகச் சொன்னவர்கள் நான்கு பேர். மீதிக் காரணங்களை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.